வைஸ் விற்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

ஹார்ட்வெயார் வியாபாரத்தில் முப்பது வருடங்களைக் கழித்தவன் நான். ஆணி முதல் தண்ணீர்ப் பம்பி வரை என் கடையில் இல்லாத சாமான்கள் குறைவு. ஆனால் நான் விற்ற ஒரு சாமானே என்னை வெட்கப்பட வைத்தது. தன் பிழையைத் தானே எழுதுவது வியாபாரிக்கு நட்டம் என்பார்கள். நான்கு பேர் அதே பிழையைச் செய்யாமல் விட்டால் அது இலாபம்தான் என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதி. எங்கள் கல்முனைப் பகுதி இளைஞர் ஒருவர் ஏழு வருடங்கள் ஒரு தளபாடப் பட்டறையில் கூலிக்கு வேலை செய்துவிட்டு, வீட்டு முற்றத்தில் கொட்டில் போட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தார். கடைக்கு வந்து, "காக்கா, மேசைக்குப் பூட்ட நல்ல வைஸ் ஒண்டு வேணும்" என்றார். ராக்கையில் இருந்த ஆறு அங்குல வைஸைத் தூக்கிக் கொடுத்தேன். பாரமான வார்ப்பு இரும்பு. "பேரப்பிள்ளை காலம் வரைக்கும் உழைக்கும் தம்பி" என்று வேறு சொன்னேன். காசை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து வைஸையும் ஒரு பலகையையும் தூக்கிக்கொண்டு வந்தார். கதவுக்காகச் சீவி மினுக்கிய தேக்குப் பலகை. இரண்டு பக்கமும் இரும்புப் பல் கடித்த தழும்பு. "ஒரு கதவுட மரம் பழுதாப் போச்சு காக்கா. வீட்டுக்காரர் வேற மரம் போடச் சொல்றார்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது.

பெயர் ஒன்று, வேலை இரண்டு

நான் கொடுத்தது இரும்பு வேலை செய்வோருக்கான வைஸ். அதன் தாடைகளில் பல் வெட்டியிருக்கும், இரும்பை வழுக்காமல் பிடிப்பதற்காக. அது மேசைக்கு மேலே எழுந்து நிற்கும். மர வேலைக்கான வைஸ் அப்படியல்ல. அது மேசையின் அடியில் பூட்டப்படும். தாடைகள் அகலமாகவும் மட்டமாகவும் இருக்கும். அவற்றுக்கு மேல் பலகை வைத்துத் திருகாணி அடிப்பதற்கென்றே துளைகள் உண்டு. இரும்பு மரத்தைத் தொடவே கூடாது.

இது எனக்குத் தெரியாத விடயமல்ல. பின் ஏன் கேட்காமல் கொடுத்தேன்? சுனாமிக்குப் பிறகு, 2005 ஆம் ஆண்டிலிருந்து இந்தக் கரையோரமெங்கும் வீடுகள் எழுந்த காலத்தில், ராக்கையில் எதை வைத்தாலும் விலைபோனது. வருபவர் கேட்பார், நாங்கள் எடுத்துக் கொடுப்போம். "என்ன வேலைக்கு?" என்று கேட்கும் பழக்கம் அந்தச் சுறுசுறுப்பில் போனது, பிறகு திரும்பி வரவில்லை.

வைஸைத் திருப்பி எடுத்து முழுப் பணத்தையும் கொடுத்தேன். பழுதான மரத்தின் விலையையும் ஏற்றுக்கொண்டேன். ஆனால் அவருக்கு வேண்டியது பணமல்ல, வேலை செய்ய ஒரு மேசை.

எந்த வைஸ்?

கொழும்பு குவாரி வீதிக் கடைகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். மர வேலை வைஸ் பொதுவாக 7, 9, 10½ அங்குலத் தாடை அளவுகளில் வரும். இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் செய்த ரெக்கோர்ட் வைஸ்களைப் பழைய பட்டறைகளில் இன்றும் பார்க்கலாம். அதே அமைப்பில் இப்போது இந்தியாவிலும் சீனாவிலும் செய்கிறார்கள். விரைவு விடுப்புப் பிடி உள்ளதாயின், அதை அழுத்தித் தாடையை ஒரே இழுவையில் முன்பின் நகர்த்தலாம், சுற்றிச் சுற்றிக் கை களைக்க வேண்டியதில்லை. கதவு, யன்னல் வேலைக்கு 9 அங்குலம் பொருத்தமானது. ஆனால் டொலர் அவ்வருடம் மார்ச் தொடக்கத்தில் இருந்த 200 ரூபாவிலிருந்து மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டிருந்தது. அவர்கள் சொன்ன விலை அந்தத் தம்பிக்கு எட்டாது.

எங்களூர் மூத்த ஓடாவி ஒருவர்தான் வழி காட்டினார். "திருகு ஒண்டு மட்டும் செஞ்சு தாங்க, மிச்சத்த மரத்துல செய்யலாம்" என்றார். அது கால் வைஸ். பிரான்சில் 1769 இலிருந்து வெளிவந்த ரூபோவின் தச்சு நூலிலேயே படமாக இருக்கும் பழைய முறை. மேசையின் முன்காலே ஒரு தாடை. அதற்கு முன்னால் தரைக்குச் சற்று மேலே வரை இறங்கும் தடித்த பலகை மற்றத் தாடை. மேல்மட்டத்திலிருந்து எட்டு ஒன்பது அங்குலம் கீழே திருகு வரும். அடியில் துளை வரிசையுள்ள ஒரு சட்டம் காலுக்கூடாக உள்ளே போகும். பிடிக்கும் மரத்தின் தடிப்பைவிடச் சற்று அதிகமான துளையில் முளையைச் செருகித் திருகை முறுக்கினால் மேல்வாய் முதலில் இறுகும். அரிசி ஆலைச் சாமான் கடையும் லேத் பட்டறை ஒன்றில் 1¼ அங்குலத் தண்டில் சதுரப் புரி வெட்டி, நட்டும் செய்து கொடுத்தோம். இறக்குமதி வைஸின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

கால் வைஸுக்கும் குறை உண்டு. தடிப்பு மாறும்போதெல்லாம் குனிந்து முளையை மாற்ற வேண்டும். சிறு சிறு சாமான்களாக மாறி மாறிப் பிடிப்பவருக்கு இரும்பு வைஸே நல்லது. ஒரே அளவுச் சட்டங்களை நாள் முழுக்கச் சீவுபவருக்கு அது குறையாகத் தெரியாது.

மேசையில் கவனிக்க வேண்டியவை

உடைத்த பழைய வீட்டின் தீராந்திகளை வாங்கினோம். காய்ந்து முடிந்த மரம், இனி வளையாது. உள்ளே ஒளிந்திருக்கும் ஆணிகளைத் தேடிப் பிடுங்குவதுதான் வேலை. மேற்பலகை மூன்று அங்குலத் தடிப்பு. மெல்லிய மேசையில் உளியடித்தால் அடியின் பாதி மேசை துள்ளுவதிலேயே போய்விடும்.

உயரத்தை அவரை நிறுத்தியே அளந்தோம். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டுக்கும் விரல் முட்டிக்கும் இடைப்பட்ட உயரம். அவருக்கு 32 அங்குலம். அதற்கு மேல் போனால் சீவுளியில் உடற்பாரம் இறங்காது, தோள்தான் நோகும்.

வலக்கைக்காரர் சீவுவது வலமிருந்து இடம். எனவே முன்வைஸ் இடது முனையில், காலோடு சேர்ந்து இருக்க வேண்டும். மேசையின் முன்விளிம்பும் முன்கால்களும் ஒரே நேரில் இருக்க வேண்டும். அப்போது ஒரு கதவை விளிம்பில் நிறுத்தி, இடது முனையை வைஸில் பிடித்து, வலது காலில் செருகிய முளையில் மற்ற முனையைத் தாங்கலாம். இரும்பு வைஸ் பூட்டுவோரும் பின்தாடையை மேசை விளிம்புக்குள் குடைந்து இறக்க வேண்டும். இரும்பு வாய் மேல்மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே நிற்கட்டும், இல்லாவிட்டால் சீவுளியின் கூர் போய்விடும். பாரமான வைஸைத் திருகாணியில் தொங்கவிடாமல், மேசைக்கு ஊடாகப் போல்ட், வொஷர், நட் போட்டு இறுக்குங்கள்.

வைஸின் ஒரு ஓரத்தில் மாத்திரம் மரத்தைப் பிடித்தால் தாடை சரியும். அதே தடிப்புத் துண்டொன்றை மற்ற ஓரத்தில் வைத்தால் தீர்ந்தது. புரிக்குக் கிறீஸ் அப்பினால் மரத்தூள் ஒட்டிப் பசையாகும். துடைத்துவிட்டு மெழுகு தடவினால் போதும்.

மேற்பலகையில் முக்கால் அங்குலத் துளைகள் சில போட்டோம். அதே தடிப்புக் கம்பியை வளைத்துச் செய்த கொக்கியை அதில் செருகி ஒரு தட்டுத் தட்டினால் பலகை அசையாது. இரண்டாவது வைஸ் வாங்கும் செலவு அதனால் மிச்சம்.

கடைக்காரர் கவனத்துக்கு

அந்த மேசை இன்றும் உழைக்கிறது. அவரிடம் இப்போது இரண்டு பேர் வேலை பழகுகிறார்கள். இருவரும் உளி வாங்க என் கடைக்கே வருகிறார்கள். திருப்பிக் கொடுத்த பணம் எனக்கு எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது.

நான் இப்போது இரண்டு வகை வைஸையும் தனித்தனி ராக்கைகளில் வைத்திருக்கிறேன். லேத்தில் கடைந்த திருகும் நட்டும் நான்கைந்து சோடி எப்போதும் இருக்கும். விற்பனைக்கு நிற்கும் பையன்களுக்கு நான் சொல்லிக் கொடுத்திருப்பது ஒன்றுதான்: வைஸ் கேட்டு வருபவரிடம் அளவைக் கேட்பதற்கு முன், "இரும்பைப் பிடிக்கவா, மரத்தைப் பிடிக்கவா?" என்று கேள். மரம் என்றால், கதவா, கதிரையா என்று கேள். அரை நிமிடக் கேள்வி. அதைக் கேட்காததற்காக நான் கொடுத்தது ஒரு தேக்கு மரத்தின் விலை. அந்தத் தம்பி கொடுக்க இருந்தது தன் முதல் வாடிக்கையாளரை.