மழைக்காலமும் கொல்லைச் செப்டிக் டாங்கும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துக் கிராமங்களில் நெல்லோடு வாடகையும் ஒரு விளைச்சலாகிவிட்டது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார்த் தொழிற்சாலையும், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலையும் உற்பத்தியை ஆரம்பித்த பின்னர், நிலமுடையோர் பலர் கொல்லையில் அறைகள் கட்டித் தொழிலாளருக்குக் குடக்கூலிக்கு விட்டிருக்கின்றனர். அறைகள் பெருகிய அளவுக்குச் செப்டிக் டாங்குகள் பெருகவில்லை. ஐந்து பேருக்கென இந்தியத் தர நிர்ணயம் கூறும் தொட்டி சுமார் 5 அடி நீளமும், 2½ அடி அகலமும், 3¼ அடி நீராழமும் உடையது. அதே தொட்டியை இருபது பேர் உபயோகித்தால் என்னவாகும்?

கழிவுநீர் தொட்டியில் ஒரு நாளாவது தங்கவேண்டும். அப்பொழுதுதான் கனமானவை அடியில் மண்டியாகப் படியும். எண்ணெய்ப் பசை மேலே ஆடையாக மிதக்கும். நடுவிலுள்ள தெளிநீர் மாத்திரம் உறிஞ்சுகுழிக்குச் செல்லும். ஆட்கள் மிகுந்தால் மண்டியும் உடன் சென்று மண்ணின் கண்களை அடைத்துவிடும். சிலர் பினாயிலையும் ஆசிடையும் தாராளமாக ஊற்றுகின்றனர். கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களை இவை கொன்றுவிடும். எருக்குழிக்கு நெருப்பு வைப்பதற்கு இது ஒப்பாகும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பியதும் ஆயக்கட்டுக் கிணறுகளில் நீர் மேலேறுவதை யாவரும் அறிவர். கொல்லையிலும் அவ்வாறே ஊற்று ஏறுகிறது. உறிஞ்சுகுழியில் நீர் இறங்க இடமின்றிக் கழிவு வீட்டினுள் எதிர்த்து வருகிறது. தரைமட்டத்திற்குக் கீழே கட்டிய அறைகளிலும் ஈரம் கசிகிறது. ஆகையால் குழியின் அடிப்பாகம் மழைக்கால ஊற்று மட்டத்திற்கு மேலேயே இருத்தல் அவசியம். தாழ்ந்த மனைகளில் குழிக்குப் பதிலாக மணல் மேட்டுப்பாத்தி அமைப்பது நலம். குடிநீர்க் கிணற்றுக்கும் குழிக்கும் 60 அடிக்குக் குறையாத இடைவெளி வேண்டும். கூரைநீரைத் தொட்டியருகே விழவிடலாகாது. குளியல் நீரை வாழைக்குத் திருப்பினால் தொட்டியின் பாரமும் குறையும்.

மண்டி மூன்றிலொரு பங்கு ஏறுமுன், இரண்டு மூன்று வருஷங்களுக்கொருமுறை, ஆடி அல்லது ஆவணியில் உறிஞ்சு லாரி கொண்டு அகற்றுக. வாடகை அறைகளுக்கு இத்தவணை போதாது. அடைமழையில் தொட்டியைக் காலி செய்தால் நிலத்தடி நீர் அதை மேலே தூக்கிவிடக்கூடும். லாரிக்காரர் எங்கே கொட்டுகிறார் என்று கேட்டறிவதும் உரிமையாளரின் கடமையே. ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டவிடலாகாது. பச்சை மண்டி நல்ல எருவென்று வயலில் விடுவதும் தவறு. அதிலுள்ள குடற்புழு முட்டைகள் நெடுநாள் சாகா.

எக்காரணத்தை முன்னிட்டும் ஆளை உள்ளே இறக்கக்கூடாது. 2019 மார்ச்சு மாதம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த நெமிலியில் ஒரு குடியிருப்பின் தொட்டியில் ஆறு பேர் விஷவாயுவால் மாண்டனர்; தந்தையும் இரு புதல்வரும் அவர்களில் அடங்குவர். இத்தகைய விபத்துக்களில் விழுந்தவரைத் தூக்கப் போகிறவரும் விழுகிறார். அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்தவிடத்து மூக்கே மரத்துப்போவதால், நாற்றமில்லை என்று நம்பி இறங்குவது பேரபாயம். 2013-ம் வருஷத்துச் சட்டப்படி, பாதுகாப்புச் சாதனமின்றி ஒருவரை இறக்குவோருக்கு முதற்குற்றத்திற்கே இரண்டு வருஷம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

கிராம அதிகாரிகள் வீட்டுத் திட்டங்களைப் பார்வையிடுகையில் அறைகளை எண்ணுவதோடு, அவற்றில் உறங்கப்போகிறவர்களின் தொகையையும் கேட்பாராக. தொட்டியைக் கடைசியாகக் காலி செய்த தேதியை அருகிலுள்ள சுவரில் பெயிண்டால் எழுதிவைக்கலாம். வீடு கைமாறினும் அது நிற்கும்.