டொர்னாடோ துரத்துறவங்க எங்க நிப்பாங்க?

ஸ்டார்ம் சேஸிங்னா நாள் முழுக்க டொர்னாடோ பின்னாடி பறக்குறதுன்னு நினைக்காதீங்க. முக்கால்வாசி நேரம் ஏதோ ஒரு பெட்ரோல் பங்க்ல ரேடாரைப் பார்த்துக்கிட்டு காத்திருக்கிறதுதான். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காத்து வரும், மேற்கிலிருந்து வறண்ட காத்து வரும். ரெண்டும் உரசுற எல்லைக்கு ட்ரைலைன்னு பேரு. சாயங்காலம் பெரும்பாலும் அங்கதான் மேகம் கோபுரமா எழும்பும்.

சரி, எங்க நிக்கணும்? பெரும்பாலான புயல்கள் வடகிழக்கா நகரும். அதனால தென்கிழக்கே நின்னா மழை மறைக்காது, தெற்கே தப்பிக்க ரோடும் இருக்கும். நான் இன்ஜினியர்ங்கிறதால இதுல எனக்குப் பிடிச்சது இந்த எஸ்கேப் ரூட் கணக்குதான்.

2013 மே 31 அன்னிக்கு, ஓக்லஹோமாவின் எல் ரினோ பக்கத்துல அந்தக் கணக்கே உடைஞ்சுது. முதல்ல தென்கிழக்கா போன டொர்னாடோ, கிழக்கே திரும்பி, அப்புறம் சட்டுனு வடகிழக்கா வேகமெடுத்துச்சு. அகலம் 4.2 கிலோமீட்டர். அங்க கிராமத்து ரோடுங்க மைலுக்கு ஒண்ணுன்னு கட்டம் கட்டமா ஓடும். ஒரே நேரத்துல ரெண்டு கட்டத்துக்கு மேல முழுங்கிட்டா அடுத்த ரோடுக்கு மாறி என்ன பிரயோஜனம்? போதாததுக்கு சுத்திலும் மழைத்திரை.

அதுல சிக்கினது கத்துக்குட்டிங்க இல்ல. 2003-ல சவுத் டகோட்டாவில டொர்னாடோ பாதையில கருவி வெச்சு, 100 மில்லிபார் அழுத்தம் சரிஞ்சதைப் பதிவு பண்ணின டிம் சமாரஸ், அவரோட மகன் பால், கூட்டாளி கார்ல் யங். மூணு பேரும் ஒரே கார்ல இறந்தாங்க. அதுவரைக்கும் துரத்தப் போன யாரும் டொர்னாடோவில மாட்டி இறந்ததா பதிவே இல்ல.