இலத்தீன் அகரமுதலிகளில் பெயர்ச்சொற் பதிவு: ஆறாம் வேற்றுமை வடிவத்தின் பயன்

ஆய்வுச் சுருக்கம்

இலத்தீன் அகரமுதலிகள் ஒரு பெயர்ச்சொல்லை எழுவாய் வடிவம், ஆறாம் வேற்றுமை ஒருமை வடிவம், பாற்குறி ஆகிய மூன்று கூறுகளாகப் பதிவுசெய்கின்றன. அவற்றின் பயன்களையும், ஆறாம் வேற்றுமை வடிவம் முதன்மை பெறும் காரணத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இலத்தீன், அகரமுதலி, வேற்றுமைத் திரிபு, அடிச்சொல், பால்.

முன்னுரை

சீகன்பால்கின் தமிழ் இலக்கணமும் (ஹாலே, 1716), வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணமும் (தரங்கம்பாடி, 1738) இலத்தீன் மொழியில் எழுதப்பெற்றவை. இவற்றை மூலத்திலேயே பயில விழையும் தமிழாய்வாளர்க்கு இலத்தீன் அகரமுதலி இன்றியமையாதது. ஆயின் அதன் பதிவு முறை தமிழ் அகராதியினின்றும் வேறுபட்டது. 'மரம்' என்பது 'மரத்தை' எனவும், 'காடு' என்பது 'காட்டை' எனவும் திரிவதைத் தமிழில் பெரும்பாலும் சொல்லின் ஈறு கொண்டே உணரலாம். எனவே எழுவாய் வடிவத்தைத் தருவதே போதுமானது. இலத்தீனில் எழுவாயின் ஈறு அத்தகைய உறுதியைத் தருவதில்லை.

திரிபு வகுப்பை அறிதல்

இலத்தீன் பெயர்கள் ஐந்து திரிபு வகுப்புகளுள் அடங்கும். அவற்றின் ஆறாம் வேற்றுமை ஒருமை ஈறுகள் முறையே ஐ, ஈ, இஸ், ஊஸ், எயீ (உயிரை அடுத்து ஏயீ) என்பன. டொமினுஸ் (தலைவன்), கொர்புஸ் (உடல்), மனுஸ் (கை) ஆகிய மூன்றும் எழுவாயில் 'உஸ்' என்றே முடிகின்றன. ஆயின் அவற்றின் ஆறாம் வேற்றுமை வடிவங்கள் டொமினீ, கொர்பொரிஸ், மனூஸ் என்பனவாகும். ஆகவே அவை முறையே இரண்டாம், மூன்றாம், நான்காம் வகுப்பின. நெடில் குறிக்கப்பெறாத பதிப்புகளில் 'மனுஸ், மனுஸ்' என ஒரே வடிவம் இருமுறை வரும். அஃது அச்சுப் பிழையன்று. நான்காம் வகுப்பின் அடையாளம்.

அடிச்சொல்லை அறிதல்

ஆறாம் வேற்றுமை ஈற்றை நீக்கின் எஞ்சுவது அடிச்சொல். ரேக்ஸ் (அரசன்) என்பதன் ஆறாம் வேற்றுமை ரேகிஸ். 'இஸ்' நீங்க 'ரேக்' எஞ்சும். அதனின்றே ரேகெம் (அரசனை) பிறக்கும். புவெர் (சிறுவன்), அகெர் (வயல்) இரண்டும் 'எர்' என முடியும் இரண்டாம் வகுப்புப் பெயர்களே. எனினும் முன்னது புவெரீ என எகரத்தைக் காக்க, பின்னது அக்ரீ என அதனை இழக்கிறது. மூன்றாம் வகுப்பில் இத்தகைய மாற்றம் மிகுதி. எனவேதான் கொர்புஸ் என்பதன் பக்கத்தில் 'இஸ்' என்று மட்டும் குறியாது 'ஒரிஸ்' எனக் குறிக்கின்றனர்.

பாற்குறி

ஆண்பால், பெண்பால், வடமொழியார் நபும்சகலிங்கம் என்னும் பால் ஆகிய மூன்றனுள் ஒன்றை இறுதிக் குறி உணர்த்தும். பெயரடை பெயரின் பாலுக்கேற்பத் திரியாத தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் இக்குறியை எளிதில் புறக்கணிப்பர். இலத்தீனில் பெயரடை தன் பெயரோடு பால், எண், வேற்றுமை மூன்றிலும் இயைதல் வேண்டும். முதல் வகுப்பிற் பெரும்பாலானவை பெண்பாலாயினும் நௌட்டா (மாலுமி) ஆண்பால். நான்காம் வகுப்பிற் பெரும்பாலானவை ஆண்பாலாயினும் மனுஸ் பெண்பால். எனவே பாலை வகுப்பினின்று ஊகித்தல் பிழைக்கு இடந்தரும்.

முடிவுரை

எழுவாய் வடிவம் சொல்லைத் தேடும் இடத்தைக் காட்ட, ஆறாம் வேற்றுமை அதன் வகுப்பையும் அடியையும், பாற்குறி அதன் இயைபையும் காட்டுகின்றன. எழுவாயை மட்டும் மனனம் செய்த மாணவர் ரேக்ஸ் என்பதை அறிந்திருந்தும், நூலில் ரேகெம் வருமிடத்து அதனை அடையாளம் காணார். ஆதலின் மூன்று கூறுகளையும் ஒரு சொல்லாகவே பயிற்றுவித்தல் வேண்டும்.