பார்க் தெருவில் ஓய்ந்த பாட்டு

மகாராஜபுரம் பக்கத்தில் இரவு கண் விழித்துப் பாட்டுக் கேட்பது என்றால் அது கோயில் திருவிழாவில்தான். பாயை விரித்தால் இடம் ஆயிற்று, டிக்கெட்டும் கிடையாது! ‘நைட் கிளப்’ என்றாலோ, சினிமாவில் வில்லன் உட்கார்ந்திருக்கும் இடம்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால், கல்கத்தாவில் ஒரு தெருவே அந்தச் சங்கீதத்தால் புகழ் பெற்றிருந்த காலம் ஒன்று உண்டு, வாசகியரே!

அதுதான் பார்க் தெரு. 1950களிலும் 60களிலும் அங்கே மொகாம்போ, டிரிங்காஸ், புளூ ஃபாக்ஸ் என்று வரிசையாக ஹோட்டல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாத்தியக் குழு, ஒரு பாடகி. பாம் கிரெய்ன் என்ற பாடகியின் ஜாஸ் பாட்டைக் கேட்பதற்கென்றே கூட்டம் வரும். பின்னர் புளூ ஃபாக்ஸில் பியானோ லூயிஸ் பாங்க்ஸ், சாக்ஸபோன் பிராஸ் கொன்சால்வஸ், பாட்டு பாம் கிரெய்ன் என்று சேர்ந்த குழு, ஊரையே சொக்க வைத்தது.

அந்தத் தெருவில் நம் தமிழ்ப் பெண் ஒருவரும் கொடி நாட்டினார். அவர்தான் உஷா உதுப். 1969ல் சென்னை மவுண்ட் ரோட்டில், சபையர் தியேட்டர் கட்டடத்தில் இருந்த ‘நைன் ஜெம்ஸ்’ கிளப்பில் பாடத் தொடங்கியவர், விரைவிலேயே டிரிங்காஸுக்குப் போய்ச் சேர்ந்தார். எல்லாரும் கவுன் அணிந்து பாடும் மேடையில் இவர் பட்டுப் புடவையும் பெரிய பொட்டுமாக வந்து நின்றார். பார்த்தவர்கள் முதலில் விழித்தார்கள். பிறகு கை தட்டினார்கள். குடும்பத்துடன் வந்து கேட்டவர்களும் உண்டு.

அப்புறம் என்ன ஆயிற்று? ஊரில் நக்ஸலைட் கலவரம். இருட்டினால் வெளியே போகப் பயம். போதாததற்கு மின்வெட்டு. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறின. பாட்டு நடக்கும் ஹோட்டல்களுக்குக் கேளிக்கை வரி வேறு! முதலாளிகள் கணக்குப் பார்த்தார்கள். சமையல்காரரை நிறுத்த முடியுமா? பாடகியைத்தான் நிறுத்தினார்கள்.

லூயிஸ் பாங்க்ஸ் பம்பாய்க்குப் போய்ச் சினிமா இசையில் சேர்ந்தார். பாம் கிரெய்ன் கல்கத்தாவிலேயே இருந்து 2013ல் காலமானார். உஷாவோ 1971ல் ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’ படத்திலும், 1990ல் நம் ‘அஞ்சலி’யிலும் பாடி வீடு வீடாகப் புகுந்துவிட்டார். 2024ல் பத்மபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தது.

பார்க் தெருவின் பாட்டு ஓய்ந்தது, பாடியவர்களின் குரல் கெட்டதால் அல்ல. அந்தக் கலை ஹோட்டல் பில்லை நம்பிப் பிழைத்தது. பில் குறைந்தபோது பாட்டும் குறைந்தது. தையலோ, சமையலோ, சங்கீதமோ, கையில் ஒரு வித்தை வைத்திருக்கும் பெண்களுக்கு இதில் ஒரு சேதி உண்டு. வித்தை நம்முடையது, அது நடக்கும் இடமோ பெரும்பாலும் வேறொருவருடையது. அந்த வாசல் அடைபடும் முன்பே இன்னொரு வாசலையும் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது!