ஓடினவர் ஒருத்தர், பேர் வாங்கினவர் ஒருத்தர்!

பேஸ்பால் பற்றி நான் வாயைத் திறந்தாலே ஆபீஸில் வருகிற முதல் கேள்வி, "அதுல யாரு சார் டெண்டுல்கர்?" ரன் கணக்கில் கேட்டால் நான் சொல்கிற பேர், ரிக்கி ஹெண்டர்சன்.

அங்கே ரன் லேசில் கிடைக்காது. கிரிக்கெட்டில் எதிர்முனைக்கு ஓடினால் ஒண்ணு. பேஸ்பாலிலோ நாலு மூலைக்கும் 90 அடி வீதம் 360 அடி சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரணும். ஒரு சீசனில் நூறு ரன் எடுத்தாலே காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்!

இதில் ஒரு வேடிக்கை. பெரும்பாலும் நடு மூலையில் காத்து நின்று, அடுத்தவர் அடிக்கிற அடியில்தான் வீடு வந்து சேர முடியும். ஆகவே ஒரே ரன்னுக்கு ரெண்டு கணக்கு. ஓடி வந்தவருக்கு ஒண்ணு, அடித்து வரவழைத்தவருக்கு ஒண்ணு.

1985, நியூயார்க் யாங்கீஸ். முதல் ஆளாக இறங்கிய ரிக்கி 143 ஆட்டங்களில் 146 ரன் குவித்தார். எதிராளி அசந்த நேரம் அடுத்த மூலைக்குப் பாய்கிற 'திருட்டு' மட்டும் 80! அவருக்குப் பின்னால் ஆடிய டான் மேட்டிங்லி வரவழைத்தது 145 ரன். அமெரிக்கன் லீகின் சிறந்த வீரர் விருது யாருக்கு? மேட்டிங்லிக்கு. ரிக்கிக்கு மூன்றாமிடம்.

மேட்டிங்லியும் லேசுப்பட்டவர் இல்லை. 35 ஹோம் ரன் அடித்தவர். ஆனாலும்... ஃபைலைத் தூக்கிக்கொண்டு நாலு செக்‌ஷனும் அலைந்தவர் ஒருத்தர், கடைசியில் கையெழுத்துப் போட்டுப் பாராட்டு வாங்கினவர் ஒருத்தர். உங்களுக்கு யாராவது ஞாபகத்துக்கு வருகிறார்களா?

ரிக்கி ஓடுவதை நிறுத்தவில்லை. 1928-ல் ஓய்வு பெற்ற டை காப் வைத்திருந்த சாதனை, 2,245 ரன். 2001 அக்டோபர் 4-ந் தேதி, 42 வயது ரிக்கி ஒரு ஹோம் ரன் அடித்து அதைத் தாண்டினார். ஹோம் ரன்னுக்கு ஹாயாக நடந்தே வரலாம். மனுஷர் காலை நீட்டிச் சறுக்கிக்கொண்டு வந்து வீட்டைத் தொட்டார்! மொத்தம் 2,295 ரன்னோடு முடித்தார். இன்றுவரை அதுதான் உச்சம்.

2025-ல் ஷோஹே ஒஹ்டானி எடுத்ததும் அதே 146 ரன். அவருக்கு நேஷனல் லீக் விருதும் கிடைத்தது.

ஆகவே ஃபைல் சுமக்கும் அன்பர்களே, அலைச்சல் வீண்போகாது. ஆனால் ஆபீஸுக்குள் சறுக்கி மட்டும் வராதீர்கள். பேண்ட் கிழிந்தால் அலவன்ஸ் கிடையாது!