இல்லாமையால் ஒரு பெயர்

‘முதுகெலும்பற்றவை’ என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் நெட்டுரு போடாதவர்கள் நம்மில் இருக்கமுடியாது. பூச்சி, நத்தை, மண்புழு, நண்டு என்று விலங்கினங்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவை இந்த ஒரு சொல்லுக்குள் அடைக்கப்பட்டிருக்கின்றன. பாரிஸ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய லமார்க் 1801இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே இந்த ‘அற்ற’ இருக்கிறது. நம்மிடம் இருப்பது அவற்றிடம் இல்லை, அவ்வளவுதான் இதன் அர்த்தம். சொல்லின் மையத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். (லமார்க்கைச் சும்மா திட்டிவிடவும் முடியாது. பூச்சி, புழு என்று ஒதுக்கியவற்றைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தவர் அவர்.)

ஜெர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் 1950இல் எழுதிய நூல் இந்த முறையைக் கவிழ்த்துப்போட்டது. வெறும் இல்லாமை உறவுக்குச் சான்றாகாது என்றார் அவர். ஒரு மூதாதையிடம் புதிதாகத் தோன்றி, அதன் வழிவந்தவை பகிர்ந்துகொள்கிற கூறுதான் சான்று. மூதாதையும் அதன் வாரிசுகள் அத்தனையும் சேர்ந்தால்தான் குழு. ஒரு கிளையை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு மீதிக்குப் பெயர் வைத்தால் அது குழுவல்ல, மிச்சம்.

நட்சத்திர மீனுக்கு முதுகெலும்பில்லை, தலையே இல்லை. ஆக்டோபஸுக்கும் முதுகெலும்பில்லை. பழைய பட்டியலில் இரண்டும் ஒரே பக்கம். ஆனால் நட்சத்திர மீனின் கருவில் முதலில் உண்டாகும் துளை வாயாவதில்லை, மலத்துவாரமாகிறது. முதுகெலும்புள்ளவற்றின் கருவும் பொதுவாக இந்த வழியில்தான் வளர்கிறது. பிற்பாடு மரபணுக்களை ஒப்பிட்டபோதும் இதே விடைதான் வந்தது. நட்சத்திர மீன் ஆக்டோபஸைவிட நமக்குத்தான் கிட்டத்துச் சொந்தம்.

தோழர்களுக்கு இங்கே ஒரு சங்கடம் வரும், எனக்கும் வந்தது. பிறப்பை வைத்து வகைபிரிப்பதா? அதைத்தானே இத்தனை காலமாக எதிர்த்துவருகிறோம்? சாதியில் பிறப்பு பிரிக்கிறது, மேல்கீழாக அடுக்குகிறது. ஹென்னிக்கின் மரத்திலோ எந்த இரண்டு கிளையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாலும் ஒரு கணுவில் சேர்ந்துவிடுகின்றன. கணுவைச் சுற்றிக் கிளைகளைத் திருப்பிப்போட்டு வரையலாம், உறவு மாறாது. மனிதனை ஓரத்தில் போடலாம், நடுவில் போடலாம். அவனை உச்சியில் உட்காரவைப்பது வரைகிறவரின் வேலை, மரம் அப்படி எதுவும் சொல்லவில்லை. தவிரவும், மனிதர்கள் எல்லோரும் ஒரே இனம், ஒரே கிளையின் நுனி. அந்த நுனிக்குள் கலப்பு நடந்துகொண்டே இருப்பதால் அங்கே இந்த மரத்தை வரையவே முடியாது. வரைந்தால் வலைதான் வரும்.