ஆலைத் தூசியை அளந்தறியும் முறை

சிமெண்டு ஆலைகளுக்கும் கல் உடைக்கும் யந்திரசாலைகளுக்கும் அண்மையில் நிலம் உடைய மிராசுதார்கள், பயிர்களின்மேல் தூசி படிந்து மகசூல் குன்றுவதாக முறையிடுவது உண்டு. ஆலையாரோ அது வண்டிப்பாதைப் புழுதி என்பர். இருதிறத்தாரும் கண்ணாற் கண்டதையே சாட்சியமாகக் கூறுவதால் விவகாரம் முடிவு பெறுவதில்லை. ஆகவே தூசியை நிறுத்து அளக்கும் முறையை நிலச்சொந்தக்காரரும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

சிமெண்டுத் தூசி சாதாரணப் புழுதியைப் போன்றதன்று. அது இரவில் பெய்யும் பனியில் நனைந்து, இலைமீது பொருக்காக இறுகிவிடுகிறது. சிறு தூறலுக்கு அசைவதில்லை. இலைக்கு வெளிச்சம் குறைகிறது, இலைத்துளைகளும் அடைபடுகின்றன. அதிலுள்ள சுண்ணாம்பு புளிப்பு மண்ணுக்கு நன்மை தரலாம் என்று சிலர் வாதிப்பர். இவ்வாலைகள், அரியலூர்ப் பகுதியிற் போல, பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் பூமியை ஒட்டியே அமைவதால், அந்நன்மையை அங்கு எதிர்பார்ப்பதற்கில்லை.

விழும் தூசியை அளக்க வாய் அகன்ற ஜாடி ஒன்றே போதும். மரம், வீடு முதலியவற்றின் மறைவில்லாத வெளியில், ஆள் உயரத்துக்கு மேற்பட்ட தாங்கியின்மீது அதனை ஒரு மாத காலம் வைத்தல் வேண்டும். உள்ளே சுத்தமான நீரும், பாசி பிடியாமலிருக்கச் சிறிது மயில்துத்தமும் இடுவர். மாத முடிவில் சருகு, பூச்சி ஆகியவற்றை வடித்து நீக்கி, நீரை வற்றச் செய்து, எஞ்சியதை நுண்தராசில் நிறுத்து, இட்ட மயில்துத்தத்தின் எடையைக் கழிப்பர். ஜாடி வாயின் குறுக்களவு 15 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அதில் ஒரே கிராம் தூசி சேர்ந்திருப்பின், அம்மாதத்தில் ஏக்கருக்குச் சுமார் 229 கிலோ விழுந்ததாகக் கணக்காகும். ஆலையின் தூசி எட்டாத திசையில் மற்றொரு ஜாடியும் வைத்தாலன்றி, ஆலைத் தூசி இவ்வளவு, ஊர்ப்புழுதி இவ்வளவு என்று பிரித்துரைக்க இயலாது.

அதிகாரிகள் கொண்டுவரும் யந்திரம் வேறு வகையினது. அது காற்றை உறிஞ்சி, பருந்துகள்களைச் சுழற்றி ஒதுக்கிவிட்டு, 10 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகளை மட்டும் வடிதாளில் பிடிக்கிறது. வடிதாளின் எடை மிகுதியை, உறிஞ்சிய காற்றின் அளவால் வகுத்து விடை காண்பர். 2009ஆம் ஆண்டின் தேசிய விதிப்படி, 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்கும், ஆண்டுச் சராசரி 60க்கும் மேற்படலாகாது. ஆண்டுச் சராசரி காண வாரம் இருமுறை வீதம் 104 அளவுகளேனும் வேண்டும். நுரையீரலுட் புகும் துகளை அறிய இஃது ஏற்ற கருவியே. ஆனால் இலையை மூடும் தூசியிற் பெரும்பகுதி அதனினும் பருத்தது. யந்திரம் அதனைக் கணக்கிற் கொள்வதில்லை. வரம்புக்குட்பட்டது என்று அறிக்கை வந்த இடத்திலும் வெண்மை படிந்த இலைகளைக் காண்பது இதனாலேயே. எனவே ஜாடி அளவையும் உடன் வேண்டுதல் நியாயமாகும்.

காற்றின் திசையும் கவனிக்கற்பாலது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஆலைக்கு வடகிழக்கிலுள்ள வயல்களும், வடகிழக்குக் காற்றின்போது தென்மேற்கிலுள்ள வயல்களும் தூசியை ஏற்கின்றன. ஐப்பசி மழையில் ஒருநாள் வந்து எடுத்த அளவு, மாசிப் பனியின் நிலையைக் காட்டாது.

இத்தகைய வழக்குகள் புதியனவல்ல. கலிபோர்னியாவில் கோல்டன் என்னும் ஊர்ச் சிமெண்டு ஆலையின் தூசி ஆரஞ்சுத் தோட்டங்களைக் கெடுத்ததென்று தோட்டக்காரர் தடையுத்தரவு பெற்றனர். அதனை நிறுத்திவைக்க அம்மாகாண உச்ச நீதிமன்றம் 1911இல் மறுத்துவிட்டது. அக்காலத்தில் அண்மையிலிருந்த ரிவர்சைடு ஆலையார், காட்ரெல் என்பவர் கண்ட மின்விசை முறையால் தூசியைப் பிடிக்கலாயினர். முதல் உலகப் போரில் ஜெர்மானியப் பொட்டாஷ் வரத்து நின்றபோது, பிடித்த தூசியிலிருந்தே பொட்டாஷ் எடுத்து விற்றனர் என்பது வேடிக்கையானது.

குடியானவர் தாமே வைத்த ஜாடி முடிவான சான்றாகாது. எனினும், முறைப்படி அளக்குமாறு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கோருவதற்கு அஃது ஆதாரமாகும். ஜாடி வைத்த நாள், எடுத்த நாள், ஆலையிலிருந்து தூரம், அன்றாடக் காற்றுத் திசை, மழை பெய்த நாட்கள், பயிரின் பருவம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கிராம அதிகாரியின் கையொப்பம் பெற்று, மனுவுடன் நகல் இணைத்தல் வேண்டும்.